ஆமிஷ் அங்கிளுக்கு

இன்று காலை அலுவலகம் கிளம்பக் காரைத் திறந்ததும் குதிரைச் சாண வாடை முகத்தில் அடித்தது. குனிந்து பார்த்தேன். சனிக்கிழமை எதையோ மிதித்துவிட்டு அப்படியே ஏறியிருக்கிறேன், கால்மிதி முழுக்க ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. உருவி எடுத்துக் குழாயடியில் போட்டுத் தேய்த்தேன். பாதி போயிற்று. மீதியைத் தேய்க்கக் கை ஓடவில்லை. உடம்பு சரியில்லை என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, கராஜில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய். "ஏலே, இது என்ன சாதாச் சாணியா? லங்காஸ்டர் சாணி. ஒரு வாரத்துக்குக் காரக் கழுவாத" என்று சொல்லி, உன் மகளையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லியிருப்பாய்.

சனிக்கிழமை உன் ஊருக்குப் போயிருந்தோம். உன் ஊர் தூத்துக்குடி என்று சொன்னால் இங்கே எவன் நம்புகிறான்? பிரிட்ஜ்வாட்டரில் நம் ஆட்கள் எல்லோருக்கும் நீ லங்காஸ்டர்காரன். நீ இல்லாமல் அங்கே போனது இதுதான் முதல் தடவை. நான், ஜெசிந்தா, அனிட்டா, மூன்று பேர். வருகிற வியாழக்கிழமை உன் மனைவியும் மகளும் இந்த நாட்டைவிட்டுப் போகிறார்கள். லீவுக்கு இல்லை, ஒரேயடியாக. உன்னை மண்ணில் வைத்தபோது எனக்கு ஒரு வரி எழுத வரவில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

நியூஜெர்சியில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஆமிஷ் ஊர் என்பது ஒரு கடமை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் முதலில் பிரிட்ஜ்வாட்டர் கோவில், அப்புறம் சுதந்திர தேவி சிலை, அப்புறம் நயாகரா. இதெல்லாம் முடிந்து, வந்தவர்கள் காலண்டரைப் பார்க்க ஆரம்பிக்கும்போது லங்காஸ்டர். 78-ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். கரண்டும் காரும் வேண்டாமென்று வாழ்கிற ஆமிஷ் மனிதர்களைக் காரின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, குதிரை வண்டியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பிரெட்ஸலும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு வந்து சேரலாம். ஒரு தடவை போனவர்கள் மறு தடவை போக மாட்டார்கள். நீ மட்டும் அதை ஒரு வேண்டுதல் மாதிரி வைத்துக்கொண்டாய்.

முதல் தடவை எவ்வளவு அசடாகப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் காலைப் பூசை முடித்து வந்ததும் இரண்டு குடும்பமும் இரண்டு காரில் கிளம்பினோம். போய்ப் பார்த்தால் ஊரே மூடிக் கிடக்கிறது. கடை மூடல், பண்ணை மூடல், வண்டிச் சவாரி மூடல், மெத்தை விரிப்பு விற்கிற வீடுகள் எல்லாம் மூடல். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எதையும் விற்க மாட்டார்கள் என்று நம் இரண்டு எஞ்சினியர் மூளைக்கும் தோன்றவில்லை. என் மனைவி சுமதி என்னை முறைத்த முறைப்பு இன்னும் முதுகில் இருக்கிறது.

உனக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. சோள வயல் ஓரமாக வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, புளியோதரை டப்பாவை வெளியே எடுத்தாய். நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் வழிபாடு முடிந்து வரிசையாக வந்தார்கள். சாம்பல் நிறக் கூண்டு வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக, முடியவே முடியாது போல. அவர்களுக்கென்று தனிக் கோவில் கிடையாது, முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடுகிறார்கள் என்பதெல்லாம் நமக்கு அப்போது தெரியாது. அனிட்டா உன் தோளில் உட்கார்ந்து கையை ஆட்டினாள். ஒரு வண்டியின் பின்பக்கம் இருந்த சின்னப் பிள்ளை ஒன்று, அம்மாவுக்குத் தெரியாமல், திருப்பிக் கையை ஆட்டியது.

"பாத்தியாலே" என்றாய், வாயில் சோற்றோடு. "இவனுவளும் கப்பல்ல வந்து எறங்குனவனுவதான். யாரோ ஒருத்தன் எடம் குடுத்தான், ஒக்காந்துட்டானுவ. இன்னைக்கு எவனும் போய் ஒன் பேப்பரக் காட்டுன்னு கேக்க முடியாது."

"ஒனக்கும் வரும்லே. கொஞ்சம் பொறு" என்றேன்.

"நான் எங்கலே போறேன். நிக்கேன்லா வரிசைல."

அந்தக் கிரீன் கார்டு வரிசை. என் கம்பெனி எனக்குச் சீக்கிரம் விண்ணப்பித்தது, உன் கம்பெனி தள்ளிப்போட்டது. இரண்டு பேரும் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே வருஷம் விமானம் ஏறினோம். எனக்குக் கிரீன் கார்டு வந்து, பாஸ்போர்ட்டும் மாறிவிட்டது. நீ அதே வேலை விசாவை நீட்டித்து நீட்டித்து நின்றாய். ஜெசிந்தாவின் விசாவும் அனிட்டாவின் விசாவும் உன் விசாவைப் பிடித்துக்கொண்டு நின்றன. பெரிய வீடு, நாய்க்குட்டி, ஊருக்கு நீளமான லீவு என்று எல்லாவற்றையும் நீ "கார்டு வரட்டும்" என்று ஒத்திப்போட்டாய். ஒத்திப்போடாத ஒரே விஷயம் லங்காஸ்டர்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் போனாய். யார் வீட்டுப் பெரியவர்கள் வந்தாலும் நீதான் கூட்டிப்போவாய். கூரை போட்ட மரப்பாலம் எங்கே இருக்கிறது, எந்தப் பண்ணையில் கறந்த பாலில் ஐஸ்கிரீம் போடுகிறார்கள், எந்தச் சந்தில் திரும்பினால் கோவேறு கழுதை பூட்டி உழுவதைப் பார்க்கலாம், எல்லாம் உனக்கு அத்துபடி. யாராவது அவர்கள் முகத்துக்கு நேராக போனைத் தூக்கினால் உனக்குக் கோபம் வரும். "சார், அவங்களுக்குப் படம் எடுத்தா புடிக்காது. வயலை எடுங்க, வீட்டை எடுங்க" என்று என் மாமனாரையே அதட்டினாய். பிள்ளைகள் உனக்கு ஆமிஷ் அங்கிள் என்று பெயர் வைத்தார்கள். நீயும் ஒரு வைக்கோல் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டு அந்தப் பெயருக்கு நியாயம் செய்தாய்.

ஒரு தடவை ஒரு பண்ணையைச் சுற்றிக் காட்டிய பெண்மணி, கொட்டகை கட்டுவதைப் பற்றிச் சொன்னார். ஒருவருடைய கொட்டகை தீப்பிடித்து எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்து ஆண்கள் எல்லோரும் சுத்தியலோடு வந்துவிடுவார்களாம். பெண்கள் சமைத்துக் குவிப்பார்களாம். காலையில் வெறும் தரையாக இருந்த இடத்தில் சாயங்காலம் கூரையோடு கொட்டகை நிற்குமாம். கேட்டுக்கொண்டிருந்த உனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை மறைக்க என் விலாவில் இடித்தாய்.

"நம்ம ஆளுவளும் வருவானுவலே. கூப்ட்டுப் பாரு."

வந்தார்களடா. ஒருத்தர் விடாமல் வந்தார்கள். போன வருஷம் நன்றி நாள் விடுமுறை முடிந்த வாரம், ஷட்டில் ஆடுகிற இடத்தில், எனக்கு எதிர்ப்பக்கம் நின்று சர்வீஸ் போடக் கையை உயர்த்தியவன் அப்படியே உட்கார்ந்தாய். தண்ணீர் குடிக்க உட்கார்கிறாய் என்று நினைத்தேன். ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி போய், டாக்டர் வெளியே வந்து பேசுவதற்குள் பாதிப் பிரிட்ஜ்வாட்டர் அங்கே நின்றது. சாம்பார் ஒரு வீடு, ரசம் ஒரு வீடு, அனிட்டாவைப் பள்ளியில் விட ஒரு ஆள், ஜெசிந்தாவோடு தங்க ஒரு ஆள் என்று மாதக்கணக்கில் முறை போட்டார்கள். உன் வீட்டு ஃபிரிட்ஜில் இடம் போதாமல் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் நிறைந்தது.

மூன்றாம் நாள் உன் அம்மா தூத்துக்குடியிலிருந்து வீடியோவில் அழுதார்கள். "எம்புள்ளயக் கொண்டாந்துரு தாயீ. அவங்க அப்பா பக்கத்துல வச்சிருவோம்."

ஜெசிந்தா அழாமல் பதில் சொன்னாள். "அத்த, அனிட்டா இங்கதான வளரப்போறா. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் அவ அப்பாவப் போய்ப் பாத்துட்டு வரணும். நாங்க இருக்குற எடத்துலயே அவுகளும் இருக்கட்டும்."

உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். நாங்களும் தலையை ஆட்டினோம். எத்தனை படித்தவர்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம் தெரியுமா? விசா பற்றி அரை மணி நேரம் பேசாமல் ஒரு விருந்தையும் முடிக்காத கூட்டம். ஒரு படிவத்தின் எண்ணைச் சொன்னால் தூக்கத்தில்கூட விளக்கம் சொல்கிறவர்கள். அன்றைக்கு ஒருத்தர் வாயிலும் அந்தப் பேச்சு வரவில்லை. சாவு வீட்டில் யார் விசாவை நினைப்பார்கள்? உன்னை இங்கேயே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், ஒரு மேப்பிள் மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தோம்.

அதற்கப்புறம்தான் வக்கீல். உன் அலுவலகக் காகிதங்களை முடித்துக்கொடுக்க என்று பேசப் போனோம். அவர் முதலில் துக்கம் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, உன் மனைவியும் மகளும் எந்த விசாவில் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஜெசிந்தா சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த விசா உன்னுடையதைச் சார்ந்தது, நீ இல்லையென்றால் அதுவும் இல்லை என்று மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். வேறு ஏதாவது விசா கிடைத்தால் தங்கலாம், கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ அவுக மட்டும் இங்கயா?" என்றாள்.

எதை விட்டோம் என்று சொல், எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டோம். ஜெசிந்தா மறுபடி படிக்கப்போகிறாள் என்று மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். அதன் பதிலுக்காகக் காத்திருந்ததில்தான் அனிட்டா இந்த வகுப்பை முடிக்க முடிந்தது. மறுத்துவிட்டார்கள். அவளுக்கு வேலை கொடுக்கிற கம்பெனி ஏதாவது உண்டா என்று நம் ஆட்கள் அவரவர் அலுவலகத்தில் கெஞ்சினார்கள். வேறு வக்கீல், அதற்கும் மேல் ஒரு வக்கீல். தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்தில் ஒரு பெண் நன்றாகக் கேட்டுக்கொண்டாள், டிஷ்யூ பெட்டியை நம் பக்கம் நகர்த்தினாள், வருத்தப்பட்டாள். உனக்குச் சொல்லவேண்டும் என்று எத்தனையோ நாள் கல்லறைக்கு வந்து சொல்லாமல் திரும்பியிருக்கிறேன். கொட்டகை எரிந்திருந்தால் கட்டியிருப்போமடா. மரம், ஆணி, சுத்தியல் எது வேண்டுமானாலும் கொண்டுவர ஆள் இருந்தது. எல்லோரும் வந்து நின்றார்கள், செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. சில நாள் உன்மேலேயே வருகிறது.

போவதற்கு முன்னால் எங்கே போகவேண்டும் என்று கேட்டதற்கு ஜெசிந்தா நயாகரா சொல்லவில்லை, கடற்கரை சொல்லவில்லை. "அவுக ஊருக்குப் போய்ட்டு வந்துருவோம்ணே" என்றாள்.

போனோம். எல்லாம் அப்படியே இருக்கிறது. வெள்ளை வீடுகள், முற்றத்துக் கொடியில் நீலமும் கறுப்புமாகத் துணிகள், பெடல் இல்லாத சைக்கிளைக் காலால் தள்ளிக்கொண்டு போகிற பையன்கள். நீ காட்டிய சந்தில் திரும்பினேன். கழுதைகள் இல்லை, வேறு வயலுக்குப் போயிருக்கும். அனிட்டா பின்சீட்டில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூத்துக்குடில கடல் இருக்கு, தெரியும்லாமா?" என்று ஏதாவது பேசவேண்டுமே என்று பேசினேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"ஐ டோன்ட் நோ எனிபடி தேர், அங்கிள்" என்றாள். கோபமில்லை அவள் குரலில். இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைக்கு அங்கே யாரைத் தெரியும்?

ஒரு வீட்டு வாசலில் ஸ்ட்ராபெரியும் ஜாமும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அனிட்டா வயதுதான் இருக்கும். வெள்ளைக் குல்லா, நீலப் பாவாடை, செருப்பில்லாத கால். அனிட்டா இறங்கிப்போய் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பார்த்தாள். பிறகு, நீ பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறாயா என்று கேட்டாள். அந்தப் பெண் பின்னால் இருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்து, ஆமாம், அந்த மாடி அறையில்தான் பிறந்தேன் என்றாள். சிரித்துக்கொண்டே, நீ எங்கே இருக்கிறாய் என்றும் கேட்டாள்.

"நியூஜெர்சி" என்றாள் உன் மகள்.

வியாழக்கிழமையைப் பற்றி அவள் சொல்லவில்லை. ஒரு பாட்டில் ஜாம் வாங்கிக்கொண்டு வந்து, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் கதவைத் திறக்கப் போனேன், ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கண்ணே. அழட்டும். வீட்ல எனக்காக அழாம இருக்கா."

வேலியோரம் கொஞ்சம் தள்ளி நடந்தோம். சாணத்தை மிதித்தது அங்கேதான் இருக்கும், எனக்கு எதுவும் தெரியவில்லை. உன்னைத் தோண்டி எடுத்துக் கொண்டுபோக வழியிருக்கிறதா என்று விசாரித்திருந்தேன். இருக்கிறது, நிறையக் காகிதம் வேண்டும், ஆனால் இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வேண்டாம்ணே. நான் அவசரப்பட்டு இங்க வச்சேன். அதுக்காக அவுகள மறுபடியும் அலைய வைக்க மாட்டேன். உயிரோட இருக்கையில எத்தன வருசம் அலஞ்சாக." கொஞ்ச தூரம் நடந்தாள். "ஒங்ககிட்ட ரெண்டு விசயம் கேக்கணும். நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாளு. எங்க வழக்கம் ஒங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும். கல்லூரிக் காலத்தில் உன்னோடு தூத்துக்குடி வந்து பார்த்திருக்கிறேன். கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, ஊரே மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும்.

"இங்க நெருப்புப் பத்தவைக்க விட மாட்டானுவ. பேட்டரி மெழுகுவர்த்தி விக்காங்க, அத வச்சிருங்க. பூவ புல்லு வெட்டுறவன் எடுத்துப் போட்ருவான், பரவால்ல. ஜெபம் சொல்லத் தெரியலன்னா சும்மா நில்லுங்க."

"நிக்கேம்மா."

"இன்னொண்ணு." அவள் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு எடம் வாங்கப் போனம்லா, பக்கத்து எடமும் வேணுமான்னு அங்க கேட்டாங்க. வேணும்னு சொல்லிட்டேன். எனக்கு."

நானும் வேலிக்கம்பியைப் பிடித்தேன்.

"அங்க நான் செத்தா என்னைய யாருண்ணே இங்க கொண்டாருவா? திருப்பிக் குடுக்கலாம்னு சொல்லுதாங்க. குடுத்தா வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்க. அவுக பக்கத்துல யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க வந்து படுக்கக் கூடாது. ஒங்க பேருக்கு மாத்தித் தாரேன். நீங்க வச்சுக்கிடுங்க."

"ஜெசிந்தா, எங்க வீட்ல எரிக்கிறதுதான..."

"தெரியும்ணே. நீங்க வந்து படுக்க வேண்டாம். வச்சுக்கிட்டா போதும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? உன் மகளை இந்த ஊரில் நிறுத்த முடியவில்லை, உன் மனைவியை நிறுத்த முடியவில்லை, இத்தனை வருஷத்து நட்பில் கடைசியில் என்னால் செய்ய முடிந்தது ஆறடி நிலத்தைக் காவல் காப்பது. இருட்டுவதற்குள் திரும்பினோம். 78-இல் ஏறியபோது அனிட்டா தூங்கிப்போயிருந்தாள்.

நாளை கல்லறைத் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சுமதியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நல்லது கெட்டது பார்க்க வேண்டாமா, சுடுகாட்டில் இடம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாயே என்று முதலில் கத்துவாள், அப்புறம் அவளும் அழுவாள். என் பையன்களிடமும் சொல்லி வைக்கவேண்டும். எனக்குப் பின்னால் அவர்கள்தானே பார்க்கவேண்டும், அவர்களுக்கு ஆமிஷ் அங்கிளை நினைவிருக்கும்.

நவம்பரில் வருகிறேன், பேட்டரி மெழுகுவர்த்தியோடு. நீ சிரிப்பாய் என்று தெரியும். உன் பக்கத்து இடம் இனி என் பேரில் இருக்கும். நான் இருக்கும்வரை அதில் யாரும் வர மாட்டார்கள். அவளும் வர மாட்டாள்.